மதியக் கட்டம்

"சார், அத உடைக்காதீங்க."

செக்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஸ்பூனின் குழியில் மாத்திரையை வைத்து, அதன்மேல் இன்னொரு ஸ்பூனைப் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்றரை வருடமாக ஒருநாள் தவறாமல் அவர் செய்துவரும் வேலை. நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் மாவாக நுணுக்கி, மசித்த வாழைப்பழத்தில் கலந்து, மனைவி டீச்சரின் வாயருகே கொண்டுபோனால் வாய் தானாகத் திறக்கும். இந்த முதியோர் இல்லத்தில் அவரிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும் துணிச்சல் தலைமை நர்ஸுக்கே கிடையாது. தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக யாரோ ஒருத்தி, வயது நாற்பதுக்குள் இருக்கும், வந்து நின்ற இரண்டாவது நிமிடத்தில் சொல்கிறாள்.

"முழுசா முழுங்க மாட்டா," என்றார். "தொண்டையில நிக்கும். உடச்சுத்தான் குடுக்கணும்."

"எவ்வளவு நாளா சார் இப்படிக் குடுக்கறீங்க?"

பாராட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "ஒன்றர வருஷமா. என் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவா. வேற யாரு குடுத்தாலும் வாயத் தெறக்க மாட்டா. வேணும்னா நர்ஸக் கேட்டுப் பாருங்க."

அவள் நர்ஸைக் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். பிறகு கட்டிலில் சாய்ந்திருந்த டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அரைக்கண் மூடி, கீழுதடு சற்றுத் தொங்கி, வாழைப்பழத்துக்காகக் காத்திருந்தது அந்த முகம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையற மாத்திரை சார். மேல இருக்கற பூச்சு அதுக்காகத்தான். அத உடச்சிட்டா, ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சுல உள்ள போயிடும். அம்மா மதியத்துலேர்ந்து விடிய விடியத் தூங்கறாங்கன்னு நோட்டுல எழுதிருக்கு. அது தூக்கமில்ல சார். மயக்கம்."

அவள் பார்மசிஸ்ட். இல்லத்தில் அதுவரை அப்படி ஒருவர் வந்ததில்லை. மருந்துக் கடையிலிருந்து பொட்டலங்கள் வரும், டாக்டர் மாதம் ஒருமுறை வந்து வராண்டாவில் நின்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காலுக்கு ஒரு டாக்டர் எழுதியது, கண்ணுக்கு ஒருவர் எழுதியது, முதல் மாத்திரையால் வந்த மலச்சிக்கலுக்கு இன்னொருவர் எழுதியது என்று ஒவ்வொருவர் இழுப்பறையிலும் மாத்திரை சேர்ந்துகொண்டே போகும். சேர்ப்பதற்கு ஆள் உண்டு, எடுப்பதற்கு யாரும் இல்லை. அதற்காகத்தான் நிர்வாகம் இவளை வரவழைத்திருந்தது. செவ்வாய்தோறும் வருவாள். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, இது எதற்கு, இது இன்னும் எதற்கு என்று கேட்டு, டாக்டருக்கு எழுதி, அவர் சம்மதித்தால் ஒவ்வொன்றாக நிறுத்துவாள். "மருந்துக்குப் படிச்சவ மருந்த விக்கணும். இவ என்னடான்னா புடுங்கறா," என்று எதிர்க்கட்டில் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் அவளுக்குத் தலைச்சுற்றல் நின்றது. அதன் பிறகு அந்த அம்மா பார்மசிஸ்டின் கட்சி.

செக்கர் தலைமை நர்ஸிடம் முறையிடப் போனார். நேற்று வந்தவள் வந்து தனக்குப் பாடம் எடுக்கிறாள் என்றார். நர்ஸ் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். "அவங்க சொல்றது சரிதான் சார். அட்டையில பொடி எழுத்துல போட்டிருக்கு, உடைக்கக் கூடாதுன்னு. நாங்களும் படிக்கல, உங்களயும் தடுக்கல. எங்க மேலதான் தப்பு." அதற்குமேல் சண்டை போட அவள் இடம் வைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட்டின் பொடி எழுத்தைப் படித்தவர் அவர்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று டிரைவருக்கே தெரியாது. ஏறியதும் வண்டிக்குள் எல்லோரும் பையைத் துழாவுவார்கள், டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூட. அந்தத் துழாவல் அவருக்குப் பிடிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் மனிதர்களை அவர் பார்ப்பது அப்படித்தான். யாராக இருந்தாலும் இவனிடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் மனசில் ஓடும்.

டீச்சர் வேறு ரகம். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள். அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் நாலு எட்டுக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார்கள். பழைய மாணவி, மாணவியின் அம்மா, அம்மாவின் நாத்தனார். அவள் சிரித்துப் பேச, இவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெருவில் இவருக்கு 'டீச்சர் வீட்டுக்காரர்' என்பதுதான் பெயர். அவள் பழக்காரியிடம் பத்து நிமிடம் பேசினால் பழம் வேண்டாம் என்று ஆகிவிடும் இவருக்கு. பொறாமை என்று இவர் அதைச் சொன்னதில்லை. வீட்டில் போட்டது போட்டபடி கிடக்க, இப்படி ஊர்க்கதை பேசினால் எப்படி என்று, நியாயம் பேசுவது போலச் சொல்வார். அவள் அதற்கும் சிரிப்பாள். வீட்டில் அவரோடும் பேசுவாள்தான். ஆனால் ஊருக்குப் பரிமாறிய பிறகு மிஞ்சியதுதான் தன் தட்டில் விழுகிறது என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, நாற்பத்தாறு வருடமும்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது, ஒருநாள் குளியலறையில் விழுந்தாள், இடுப்பு எலும்பு ஒட்டியும் நடை திரும்பவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் வந்து இந்த இல்லத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டுப் போனாள். முதல் மாதம் டீச்சர் சாயங்காலமானால் கத்துவாள். பெல் அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், என்னை விடுங்கள் என்று கட்டில் கம்பியைப் போட்டு அறைவாள். டாக்டர் அந்த மாத்திரையை எழுதினார். செக்கர் அதை நுணுக்கினார். கத்தல் நின்றது.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடம்தான் செக்கரின் வாழ்க்கையிலேயே நல்ல காலம். வெளியே சொன்னால் அசிங்கம், ஆனால் அதுதான் உண்மை. காலை பதினொரு மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார். அவர் கையால் அவள் சாப்பிடுவாள், அவர் துடைத்துவிட்டால் முகத்தைக் காட்டுவாள், அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்குவாள். மற்ற கட்டில்களைப் பார்க்க வந்தவர்கள் அவரைக் காட்டித் தங்கள் பிள்ளைகளிடம் ஏதோ சொல்வார்கள். "சார் மாதிரி ஒருத்தரப் பாத்ததில்ல," என்பார்கள் ஆயாக்கள். டீச்சரின் வண்டியில் அவர் ஒருவர் மட்டுமே பயணி.

அதில்தான் இந்தப் பார்மசிஸ்ட் வந்து ஏறினாள்.

டாக்டர் போனிலேயே சம்மதித்துவிட்டார். முதல் இரண்டு வாரம் குறைந்த அளவு, உடைக்காமல், கெட்டியான பழக்கூழில் வைத்து முழுதாக விழுங்க வேண்டும். பிறகு அறவே நிறுத்தம். நிறுத்தியபின் பழைய கத்தல் திரும்புகிறதா என்று பார்க்க ஒரு தாள், கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் செருகியிருந்தது. நாளுக்கு மூன்று கட்டம். காலையும் இரவும் நர்ஸ் எழுத வேண்டும்.

"மதியக் கட்டம் உங்களுது சார்," என்றாள் பார்மசிஸ்ட். "அந்த நேரத்துல ஹால்ல எல்லாருக்கும் சாப்பாடு, நர்ஸால இங்க நிக்க முடியாது. உங்களவிட அவங்கள யாரு சார் நல்லாப் பாக்கப் போறாங்க? என்ன நடந்ததோ அத அப்படியே எழுதுங்க. மாத்திரைய விடறதா, திரும்பக் குடுக்கறதான்னு இதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம்."

தன்னிடம் பேனாவைக் கொடுத்தவளை எப்படி வெறுப்பது என்று அன்று அவருக்குத் தெரியவில்லை. பேனா பழைய கெத்தைக் கொண்டுவந்தது. மணி, நடந்தது, தன் சுருக்கொப்பம் என்று கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதினார்.

ஐந்தாம் நாள் மூன்று பத்துக்கு டீச்சர் கண்ணைத் திறந்தாள். வழக்கமாகத் திறப்பது போல இல்லை, எதையோ தேடித் திறந்தாள். அவர் நெஞ்சைப் பார்த்தாள்.

"பொத்தான் அறுந்து தொங்குது," என்றாள். "இப்படியேவா ரோட்டுல வந்தீங்க? ஊசி எங்க?"

ஊசி இல்லை. அவர் நர்ஸிடம் ஓடினார், நர்ஸ் சமையல்காரரிடம் ஓடினாள், கடைசியில் மூட்டை தைக்கும் ஊசி ஒன்று வந்தது. அதில் அவள் பொத்தான் தைத்தாள். கை நடுங்கியது, தையல் நடுங்கவில்லை. அன்று மகளுக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதார். அவர் மனசில் கள்ளம் ஏதும் இல்லாத நாள் அது.

மூன்றாம் வாரம் மாத்திரை நின்றது. அந்த வாரமே ஒரு மதியம் அவள் அவர் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். "குடுங்க, நானே சாப்பிடறேன். உங்க கை ஆடுது, மேலெல்லாம் கொட்டறீங்க." சிந்தாமல் சாப்பிட்டாள். அவர் கை சும்மா மடியில் கிடந்தது. ஆயா ஒருத்தி பார்த்துவிட்டுக் கைதட்டினாள். செக்கரும் சிரித்தார், வேறு என்ன செய்ய.

அதற்கடுத்த நாட்களில் அவர் பதினொரு மணிக்கு வந்தால் கட்டில் காலியாக இருக்கும். தள்ளுநாற்காலியில் ஹாலுக்குப் போயிருப்பாள். அங்கே நாலைந்து பேரைச் சுற்றி உட்காரவைத்துப் பழைய துணியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். எதிர்க்கட்டில் அம்மாதான் முதல் மாணவி, மகா மக்கு மாணவி. "வந்துட்டீங்களா, அந்த நாற்காலில உக்காருங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வாள். அவர் உட்காருவார். நூல்கண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்வார். கடைத்தெருவில் பையைப் பிடித்து நின்ற அதே கை.

"என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு," என்றாள் எதிர்க்கட்டில் அம்மா. "அவங்களுக்கு நிறுத்தின மாத்திரைய நீங்க சாப்பிடறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தைத்தது.

இவர்களையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. டீச்சருக்கு மகள் இருக்கும் ஊர் மறந்துபோகும், காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மறந்துபோகும், நேற்று என்பதே பல நாள் இருக்காது. ஆனால் "இன்னிக்கு செவ்வாயா?" என்று தினமும் கேட்பாள். செவ்வாய் என்றால் காலையிலேயே தலை வாரிக்கொள்வாள். பார்மசிஸ்ட் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். எழுந்தால் தலை சுற்றுகிறதா, வயிறு போகிறதா, வாய் உலர்கிறதா என்று ஆரம்பிக்கும். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். செக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்களிடம் அவள் ஒன்பது நிமிடம் இருக்கிறாள், டீச்சரிடம் பதினெட்டு. அடுத்த வாரமும் பார்த்தார். இருபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டாவது நிமிடத்தில்தான் பஸ் கதை வந்தது.

அது செக்கரின் கதை. முப்பது வருடமாகக் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அவர் சொல்லிவந்த கதை. கடமை என்று வந்துவிட்டால் கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் பாஸ் இல்லை என்றால் இறங்கு என்று சொன்னவன் நான், என்று முடிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். டீச்சர் பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள், காபி போட என்று அவர் நினைத்துக்கொள்வார்.

"பன்னெண்டு பிள்ளைங்க எங்கூட," என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். "தையல் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். பாஸ வீட்டு மேசையில வெச்சிட்டு வந்துட்டேன். காலையில அத மேசையில பாத்தவரே இவருதான். நடுவழில ஏறினாரு. என்னத் தெரியாத மாதிரி கைய நீட்டினாரு. வீட்டுல இருக்குன்னேன். எறங்குங்கன்னாரு. எறங்கினேன். பன்னெண்டு பிள்ளைங்களும் ஒண்ணு பின்னால ஒண்ணா எறங்கிடுச்சுங்க. டீச்சர் எறங்கினா நாங்களும் எறங்குவோம்னு. நடந்தே போனோம்."

"அப்புறம் நீங்க அவர ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்கறது. பிள்ளைங்க முன்னால அழக் கூடாதுன்னு பாடிக்கிட்டே நடந்தேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ கேட்ட, வாயில வந்துடுச்சு."

ஜன்னலோரம் செய்தித்தாளுக்குப் பின்னால் செக்கர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இறங்கியது அவர் கதையில் கிடையாது. அவருக்கு மறந்துவிட்டதா, பார்க்கவில்லையா, பார்த்தும் சேர்க்கவில்லையா, அவருக்கே தெரியாது. வெட்கப்பட்டிருக்கலாம். ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது வயிற்றெரிச்சல். தன்னைப் பற்றித் தன் மனைவி இத்தனை வருடம் பூட்டிவைத்திருந்ததை, வாரத்துக்கு இருபது நிமிடம் வந்துபோகிற ஒருத்தி வாய் உலர்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள். தன்னிடம் சண்டை போட்டிருந்தால்கூட அது தனக்குக் கிடைத்திருக்கும்.

மறுநாள் புதன்கிழமை. டீச்சர் அவர் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, நல்லபடியாகத்தான் சொன்னாள்: "தினம் இந்த வெயில்ல அலையாதீங்க. எனக்குத்தான் இங்க ஆளுங்க இருக்காங்களே. வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்."

அவள் ஹாலுக்குப் போனபின் கால்மாட்டுக்குப் போய் அட்டையை எடுத்தார். பொய்ப் புகாரை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார். பொய் எழுதுகிறவன் மூன்று மணி, நாலரை மணி என்று நேரத்தை முழுசாக எழுதுவான். உண்மைக்கு நேரம் கோணலாக இருக்கும். மதியக் கட்டத்தில் '2.43. கூச்சல். தண்ணீர் டம்ளரை வீசினாள்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். வெள்ளிக்கிழமை, '3.17. கோபம். என் வலது கையில் அடித்தாள்.' திங்கட்கிழமை, '2.51. மீண்டும் அடித்தாள். அழுகை.' எழுதும்போது நெஞ்சில் சின்னதாக ஒரு குளிர்ச்சி. வெள்ளியன்று எதிர்க்கட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருக்க, அந்த அம்மாவின் கோணல் காஜாவை அவள் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள். திங்களன்று தூங்கி எழுந்து, அவர் தூங்கிவிட்டதைப் பார்த்து, ஆயாவைக் கூப்பிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லியிருந்தாள். அதை ஆயா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தெரிந்தபிறகுதான் எழுதினார்.

செவ்வாய் வந்தது. பார்மசிஸ்ட் கால்மாட்டில் நின்று தாளைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். டீச்சர் வாரிய தலையோடு, மடியில் துணியோடு, அவள் எப்போது நிமிர்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கர் செய்தித்தாளை விரித்தார். இப்போது நோண்டப் போகிறாள், நர்ஸின் கட்டத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கப் போகிறாள் என்று தெரியும். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். பார்மசிஸ்ட் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"காலையிலயும் ராத்திரியிலயும் ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கீங்களே சிஸ்டர். மதியம் மட்டும் இப்படி இருக்கு?"

"மதியம் நான் ஹால்ல இருந்தேன் மேடம், பாக்கல," என்றாள் நர்ஸ். செக்கரைப் பார்த்துக்கொண்டே, "ஆனா சார் எழுதினா எழுதினதுதான். ஒரு நிமிஷம் கூட்டிக் குறைச்சு எழுத மாட்டாரு," என்றாள்.

பார்மசிஸ்ட் தலையசைத்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம்பிவிட்டாள். செக்கர் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் அவர் அருகில் வந்து நின்றாள், முகம் வாடியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். நிறுத்தலாம்னு சொன்னது நான். அடி வாங்கினது நீங்க. கைய நான் பாக்கலாமா?"

அவர் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஒரே வாரத்துல மூணு தடவ. இத டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். கொஞ்சமா ஆரம்பிப்பாரு, போகப்போகக் கூட்ட வேண்டியிருக்கலாம்." அவள் டீச்சரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, இந்த வாரம் மதியத்துல எதுக்காவது கோவம் வந்துச்சா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கோவமா?" டீச்சர் யோசித்தாள். "எனக்கா?"

"சார அடிச்சீங்கன்னு எழுதிருக்கு."

"யாரு எழுதினா?"

"சார்தான்."

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் அவள் கண்ணில் ஒரு சந்தேகத்தை எதிர்பார்த்தார், பொய் என்று ஒரு வார்த்தையை எதிர்பார்த்தார். அப்படி அவள் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். குரலை உயர்த்தியிருப்பார். அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது. உள்ளே புதன், வெள்ளி, திங்கள் என்று ஒவ்வொன்றாகத் துழாவுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. டிக்கெட்டை வைத்த இடம் தெரியாமல் துழாவுகிறவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

"எனக்கு ஞாபகம் வரல," என்றாள் டீச்சர். "ஆனா அவரு எழுதிருந்தா நடந்திருக்கும். அவரு இல்லாதத எழுத மாட்டாரு. பொண்டாட்டின்னும் பாக்க மாட்டாரு, அப்படிப்பட்டவரு." இதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல் இல்லை. பார்மசிஸ்டுக்கு அவரைப் பற்றிச் சிபாரிசு செய்தாள். "அப்ப அந்த மாத்திரையக் குடுத்துடும்மா. முழிச்சிருந்து இவர அடிக்கறதுக்கு நான் தூங்கிக்கிட்டே இருக்கலாம்."

எதிர்க்கட்டில் அம்மாகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும்," என்றாள் டீச்சர். "ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிக்கலாமா? இவளுக்கு இன்னும் காஜா கட்ட வரல. பாதில விட்டா எல்லாத்தயும் மறந்துடுவா." எதிர்க்கட்டிலைக் காட்டினாள்.

பிறகு கையை நீட்டி, "இங்க வாங்க," என்று செக்கரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார். கால் தானாகப் போயிற்று. அவள் அவர் வலது கையைப் பிடித்து மடிமேல், துணிமேல் வைத்தாள். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எங்க அடிச்சேன்?"

அவர் வாய் உலர்ந்திருந்தது.

"வலிச்சுதா? சொல்லக் கூடாதா நீங்க? வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்," என்றாள். கட்டைவிரலை மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். "இங்கயா?"

பார்மசிஸ்ட் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தாளை அட்டையிலிருந்து உருவி மடிக்கப் போனாள். செக்கர் இடது கையை நீட்டினார்.

"அத இப்படிக் குடுங்க மேடம்."

"டாக்டருக்குக் காட்டணும் சார்."

"தெரியும். பேனாவும் குடுங்க. மதியக் கட்டம் என்னுது."

பார்மசிஸ்ட் அவர் முகத்தைப் பார்த்தாள். தாளை மடிக்காமல் நீட்டினாள், பேனாவையும். அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார். எழுதுகிற கை டீச்சரின் மடியில் இருந்தது. மெதுவாக இழுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அவள் அவரை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"கைய விடு," என்றார். அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கன்னு சொல்லுங்க, விடறேன்."

அவள் விரல் முழங்கை வரை வந்திருந்தது. தோலைச் சற்றே இழுத்துப் பார்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி அழுத்தினாள். "இங்கயா?" என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மேலே போனாள். "இங்கயா?"